ஜப்பானியம் பயில எண்ணுவோர்க்கு

தேனாம்பேட்டையில் செனடாப் சாலை என்றொரு சாலை உண்டு. கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் ஒரு காலத்தில் அங்கே நின்றதால் வந்த பெயர். மண்டபம் இடம்பெயர்ந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. அச்சாலையை ஒட்டிய முதல் தெருவில் இன்று ஜப்பானியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. ஜப்பானிய அரசின் கல்வி உதவித்தொகையை நாடும் தமிழக மாணவர்களுக்கு அதுவே வாயில்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பட்டப்படிப்பாக எடுக்கப் போவதாகச் சொன்னால், "வேலை கிடைக்குமா?" என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். எனினும் அதற்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஜப்பானியம் பேசக் கற்பது வேறு. ஜப்பானியத்தைப் பயில்வது வேறு. இவ்விரண்டில் நமக்கு வேண்டியது எது? இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, தமிழும் ஜப்பானியமும் சந்தித்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1916 அக்டோபரில் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாம் ஹைக்கு என்றழைக்கும் வடிவம் தமிழுக்கு அறிமுகமானது அக்கட்டுரையால்தான். புதுச்சேரியில் இருந்த பாரதியாருக்கு அச்செய்தி எப்படிக் கிடைத்தது? கல்கத்தாவின் மாடர்ன் ரிவியூ இதழில் ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் எழுதியிருந்த கட்டுரையின் வழியாக. ஆக, ஜப்பானியக் கவிதை நம்மிடம் ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் வந்தது. நூறாண்டுகள் கடந்த பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தமிழில் நாம் வாசிக்கும் ஜப்பானியப் படைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவையே.

எதிர்த்திசையில் நடந்ததோ முற்றிலும் வேறு. டோக்கியோவில் 1933இல் பிறந்த நொபொரு கராஷிமா, தென்னிந்திய வரலாற்றைத் தம் துறையாகத் தேர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பயின்றார். சோழர் கல்வெட்டுகளை மூலத்திலேயே படித்தார். அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர்கால ஊர்களின் நிலவுடைமையை ஒப்பிட்டு 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்தியச் சமூக வரலாற்று ஆய்வில் புதிய தடம் போட்டது. பின்னாளில் 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் இவற்றுள் எதுவும் நடந்திராது.

மற்றொருவர் சுசுமு ஓனோ (1919–2008). ஜப்பானின் தொன்மையான கவிதைத் தொகுப்பு மன்யோஷு. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது, 20 தொகுதிகளில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் கொண்டது. அதில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த ஓனோ, அறுபது வயதையொட்டித் தமிழைக் கையிலெடுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொற்கோவுடன் சேர்ந்து ஆராய்ந்தார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்ற தம் கருத்தை நூல்களாக எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் அவருடன் உழைத்தனர். மனோன்மணி அம்மையார் சங்க அகப்பாடல்களையும் மன்யோஷுவையும் ஒப்பாய்ந்து எழுதினார்.

ஓனோவின் கருதுகோளை மொழியியலாளருள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் நம் மேடைகளில் அது முடிந்த முடிபாகவே முழங்கப்படுகிறது. ஓசை ஒத்த பத்துச் சொற்களை அடுக்கிக் கைதட்டல் பெறுவது எளிது. அதைச் சரிபார்க்க என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைய ஜப்பானியத்தில் மலருக்கு 'ஹனா' என்று பெயர். ஆனால் அம்மொழியின் இன்றைய ஹகரம் தொல்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது அறிஞர் முடிபு; அதன்படி ஹனா அன்று 'பனா'. இன்றைய வடிவத்தை மட்டும் அறிந்தவர் ஒப்பிடும் சொல் தொடக்கத்திலேயே பிழையாகிவிடும். ஓனோவை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் சங்கத் தமிழும் எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியமும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும். அத்தகையோர் நம்மிடையே எத்தனை பேர்? நம் மொழியைப் பற்றிய ஒரு பெரும் கருத்தைச் சோதிக்கும் திறனை நாம் பிறரிடமே விட்டு வைத்திருக்கிறோம்.

இனி, தேர்வுக்கு வருவோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளராகவோ பொறியாளராகவோ பணியாற்றுவது நோக்கமானால், இதற்கெனத் தனிப் பட்டம் வேண்டியதில்லை. வேறொரு பட்டத்துடன், சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற அமைப்புகள் நடத்தும் வகுப்புகளில் சேர்ந்து, ஜப்பானிய மொழித்திறன் தேர்வை எழுதலாம். 1984இல் தொடங்கிய அத்தேர்வு 2010 முதல் ஐந்து நிலைகளில் நடைபெறுகிறது. வாக்கிய அமைப்பு தமிழருக்குத் தடையாக இராது. "நேற்று வாங்கிய புத்தகம்" என்பதை "கினோ கத்தா ஹோன்" என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் சொல்லிவிடலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்துள்ள 2,136 கஞ்சி எழுத்துகள்தாம் மலை.

மூலநூல்களைப் படிக்கும் ஆவல் உடையவர்க்கே பட்டப்படிப்பு. தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சாந்திநிகேதனில் 1994இல் நிப்பான் பவன் எழுந்த விசுவபாரதி, புணேயில் திலக் மகாராஷ்டிர வித்யாபீடம் ஆகியவை அதற்கு இடமளிக்கின்றன. ஜப்பானிய அரசின் இளங்கலை உதவித்தொகை பெற்றுச் செல்வோர், ஓராண்டு மொழிப்பயிற்சி உட்படப் பொதுவாக ஐந்தாண்டுகள் அங்கே பயில்வர். இன்னொரு உதவித்தொகையும் உண்டு. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் பயிலும் இளங்கலை மாணவர்க்கென்றே உள்ளது அது. மாலை வகுப்புச் சான்றிதழ் மட்டும் பெற்றவர்க்கு அக்கதவு திறவாது.

எங்கே சேர்வதாயினும், பாடத்திட்டத்தை வாங்கி இரண்டு செய்திகளைப் பாருங்கள். பழைய இலக்கிய நடையைக் கற்பிக்கிறார்களா? வரலாற்றையும் இலக்கியத்தையும் ஜப்பானிய மூலத்தில் வாசிக்க வைக்கிறார்களா, அன்றி ஆங்கில நூல்களோடு நிறுத்திவிடுகிறார்களா? இரண்டும் இல்லையெனில், பெயர் பட்டப்படிப்பாக இருப்பினும் அது நீண்டதொரு பேச்சுப்பயிற்சியே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓனோ தமிழுக்கு வருமுன் தம் மொழியின் மிகப் பழைய பாடல்களைக் கரைகண்டிருந்தார். ஒப்பிட ஒரு கை போதாது. ஜப்பானியம் பயிலச் செல்லும் பிள்ளை, பெட்டியில் குறுந்தொகையையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். மன்யோஷுவை மூலத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொணரும் கை அப்பிள்ளையுடையதாக இருக்கலாம்.