செக்ரோலில் எழுதாத வம்சம்: வால்பாறை எஸ்டேட் குடும்பங்களின் தலைமுறைத் தடம்

ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தேடப் புறப்படுகிறவருக்குப் பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிமதிப்பில் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தொழிலும் கிடைக்கும். 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்தது. அதே காலத்தில் தொடங்கிய நிலவரி மதிப்பேடுகளில் உடைமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர் என்று ஆண்டுதோறும் பெயர்கள் வருகின்றன. இந்த மூன்றையும் அடுக்கி வைத்தால் ஆறேழு தலைமுறைகளைத் தேதியோடு எழுதிவிடலாம்.

ஆனைமலையின் மேல், வால்பாறைப் பீடபூமியில் உள்ள ஓர் எஸ்டேட்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டு இடங்களுக்கும் உள்ள தொடர்பு வெறும் ஒப்புமை அன்று. எடின்பரோவைச் சேர்ந்த வாலஸ் சகோதரர்கள் 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1913இல் தென்னிந்தியத் தோட்டத் தொழிலில் இறங்கியது. வால்பாறையின் முடீஸ் வட்டாரத் தோட்டங்கள் அதனுடையவை. 1750இல் கிளாஸ்கோவில் தோன்றிய ஜேம்ஸ் பின்லே நிறுவனத்துக்கும் ஆனைமலையில் தேயிலை இருந்தது. குத்தகைக் குடிகளின் பெயரை ஆண்டு தவறாமல் எழுதி வைத்த நாட்டின் முதலீடு, இங்கே தன் தொழிலாளரின் பெயரை எப்படி எழுதியது என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

தோட்டத்துக்கு முன்பே இங்கே குடிகள் இருந்தார்கள். காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், இரவாளர் ஆகியோரே இம்மலையின் பழங்குடிகள். காட்டைத் திருத்த வந்தவர்களுக்கு வழியும் நீர்நிலையும் காட்டியவர்கள் அவர்கள். எந்த எஸ்டேட்டின் குடிவழியை எழுதினாலும் முதல் வரி அவர்களுடையதாக இருக்க வேண்டும். கொச்சிப் பக்கத்துக் காடர்களைப் பற்றி மானிடவியலர் எஹ்ரன்பெல்ஸ் 1952இல் தனி நூலே எழுதினார். தோட்டக் கணக்கில் அவர்களுக்கு இடம் இல்லை. 2019 மழையில் நிலம் சரிந்து கல்லார் குடியிருப்பை இழந்த காடர் குடும்பங்கள், தெப்பக்குளமேட்டில் வீட்டுமனை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்த மலையின் மிகப் பழைய குடிகளுக்கே நிலைமை இது.

தோட்டங்களின் உடைமை வரலாறு விரைவில் சொல்லி முடிக்கக் கூடியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காபி முயற்சிகள் நடந்தன. 1864இல் கர்நாடிக் காபி கம்பெனி வந்து நட்டமடைந்தது. 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டத் துரைகள் காட்டைத் திருத்தினார்கள். கவர்க்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையில் லோம் என்ற பொறியாளரின் பெயரில் ஒரு காட்சிமுனை உண்டு. காபி போய்த் தேயிலை நிலைத்தது. தனித் துரைகளிடமிருந்து தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போயின. விடுதலைக்குப் பின் அவை படிப்படியாக இந்திய நிறுவனங்களிடம் வந்தன: பின்லேயின் தோட்டங்கள் 1970களில் டாடா வசமாயின, பம்பாய் பர்மா வாடியா குழுமத்துக்கு வந்தது. மலேரியாவுக்கு மருந்தாகும் பட்டைக்காக அரசு வளர்த்த சின்கோனாத் தோட்டம் பின்னர் அரசின் தேயிலைக் கழகமான டான்டீ வசம் தேயிலையாயிற்று.

இந்த உடைமை வரலாற்றை எழுதச் சான்றுக்குப் பஞ்சமில்லை. வாலஸ் சகோதரர்களின் ஆவணங்கள் லண்டனில் இருக்கின்றன. பின்லேயின் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பியருக்கு நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் அன்றைக்கே கப்பலில் லண்டன் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் வரிசையாக உள்ளன. 1893இல் உருவான தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் ஆண்டறிக்கைகளில் எஸ்டேட்டுகளும் மேலாளர்களும் வருகிறார்கள். பெரிய துரை பங்களாவில் மூன்றே ஆண்டு இருந்துவிட்டுப் போனவரின் பிறந்த ஊரைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அதே சரிவின் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் முதல் ஆள் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைக் காகிதத்தில் காண்பது அரிது.

காரணம் அந்தக் காகிதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தொழிலாளர் பெயர் முறையாக ஏறும் ஒரே ஏடு செக்ரோல். அதன் ஒரு வரியைப் பாருங்கள்: எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பின் மாதத்தின் நாட்களுக்கெல்லாம் கட்டங்கள், பறித்த கொழுந்தின் எடை, முன்பணம், பிடித்தம், கடைசியில் கையில் கிடைக்கும் தொகை. வேலைக்கு வராதவர் அந்த ஏட்டில் இல்லை. குழந்தை இல்லை, முதியவர் இல்லை, பேறுகாலத்தில் வேலையை விட்டு நின்ற பெண் இல்லை. குடும்பம் என்ற அலகே அதில் கிடையாது. ஒரே வீட்டில் உறங்கும் தாயும் மகளும் வேறு வேறு எண்களில், வேறு வேறு பக்கங்களில் நிற்பார்கள். தமிழ்ப் பெயர்முறையும் ஆய்வாளரைச் சோதிக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறைக்குத்தான் கைகொடுக்கும். குடும்பப் பெயர் இல்லாததால் அதற்கு மேல் ஏற வேறு கயிறு வேண்டும்.

அந்தக் கயிறு பெரும்பாலும் கங்காணியின் கையில் இருந்தது. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் அவர். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள் மிகுதி. பஞ்சமும் கடனும் ஊரைவிட்டுத் துரத்தின. பெயர் எழுதிய பின் கடன் மலையில் கட்டிப்போட்டது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு ஓடுவதைக் குற்றமாக்கியிருந்தது. 1920களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. கங்காணியின் கணக்கில் ஊர்ப்பெயர் இருந்தது, உறவுமுறை இருந்தது, கடன் இருந்தது. கம்பெனி ஏடுகள் கப்பலேறிக் காப்பகம் சேர்ந்தன. கங்காணி கணக்குகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

எனவே முதல் தலைமுறையை எழுத வேறு சான்றுகள் வேண்டும். அவற்றுள் நான் முதலில் வைப்பது ஒரு நாவல். தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், முதிய தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதி 1969இல் ‘ரெட் டீ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 2013இல் பாலாவின் ‘பரதேசி’ படம் அதிலிருந்து பிறந்தது. குளிரும் அட்டையும் மலேரியாவும் தின்ற தலைமுறை அது. பிறந்தவர்களைவிட இறந்தவர்களைப் பற்றிய நினைவுதான் அக்காலத்திலிருந்து மிகுதியாக வந்திருக்கிறது. புனைவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: செக்ரோல் சொல்லாததைச் சொல்லும் சாட்சியைத் தள்ளிவைப்பது ஆய்வு நேர்மை ஆகாது; குறுக்கு விசாரணை செய்து ஏற்பதே முறை.

இரண்டாம் தலைமுறை முதல் தடம் தெளிவாகிறது. அவர்கள் மலையிலேயே பிறந்தவர்கள். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகள், எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கை ஏடு என்று சான்றுகள் கூடுகின்றன. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வருங்கால வைப்புநிதிக்கு வாரிசு எழுத வேண்டியிருந்ததால் முதல்முறையாகக் குடும்பம் காகிதத்தில் குடும்பமாகப் பதிவாயிற்று. மூன்றாம் தலைமுறையின் கதையை வாக்காளர் பட்டியலையும் குடும்ப அட்டையையும் கொண்டே எழுதிவிடலாம். நான்காம் தலைமுறை பொள்ளாச்சி, கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டது. 2001 குடிமதிப்பில் ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011இல் 70,859 ஆகக் குறைந்தது. காலியான லைன்களில் இன்று அசாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. இன்னொரு முதல் தலைமுறை தொடங்கியிருக்கிறது.

இந்தக் குடிவழியை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது வீடுதான். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒரு சிறு திண்ணை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் செக்ரோலில் பெயர் கொடுக்க வேண்டும். மகன் கீழே போய்விட, மருமகள் கொழுந்துக்குப் போவதும், கல்லூரிக்குப் போக வேண்டிய மகள் அம்மாவின் இடத்தில் கத்திரி பிடிப்பதும் இதனால்தான். தலைமுறைத் தொடர்ச்சி என்று நாம் எழுதுவதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு கூரைக்கான விலை என்று பிரித்துப் பார்க்காமல் வரைந்த வம்ச மரம் முழுமையாகாது.

ஸ்காட்லாந்தை மீண்டும் ஒப்பிட வேண்டிய இடம் இதுவே. அங்கும் நிலப்பிரபுக்கள் மேட்டுநிலக் குடிகளை ஊர் ஊராக விரட்டினார்கள். குடிகள் போராடினார்கள். 1886இல் வந்த சிறுகுத்தகைதாரர் சட்டம் வாடகை செலுத்தும்வரை அவர்களை வெளியேற்ற முடியாது என்றது. குத்தகை உரிமையைக் குடும்பத்தாருக்கு எழுதிவைக்கவும் வழி செய்தது. அந்தச் சட்டம் வந்து 27 ஆண்டு கழித்துத்தான் எடின்பரோக்காரர்கள் தொடங்கிய கம்பெனி தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்தது. வாழ்ந்த காலத்தால் உரிமை பிறக்கும் என்ற கருத்து அவர்களுடைய சொந்த நாட்டில் சட்டமாகியிருந்தது. அது வால்பாறை லைன்களுக்கு வரவே இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவும் கொண்டுவரவில்லை.

இதன் விளைவைத் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் கண்டோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு அதே பம்பாய் பர்மா எடுத்த தோட்டம் அது. கூலி கேட்டுப் போராடிய அத்தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த பேரணியில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024இல் நிர்வாகம் விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் கையில் அந்த வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்தது சில சம்பளச் சீட்டுகளும் குடும்ப அட்டையும்தான்.

வால்பாறையில் இன்னும் நேரம் இருக்கிறது. பழைய செக்ரோல்களும் பிரசவப் பதிவேடுகளும் எஸ்டேட் அலுவலக அலமாரிகளில் ஈரத்தில் நைந்துகொண்டிருந்தால், நிர்வாகங்கள் அவற்றைக் கழிவுக் காகிதமாகப் போடாமல் கோவை மாவட்ட ஆவணக் காப்பகத்திடமோ எழும்பூர் காப்பகத்திடமோ ஒப்படைக்க வேண்டும். தேவாலயங்கள் தம் பதிவேடுகளைப் படி எடுக்க இசைய வேண்டும். கோவைப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் எண்பது வயதைத் தாண்டிய தொழிலாளரின் வாய்மொழியை இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்க வேண்டும். இதைப் படிப்பவர் எஸ்டேட்டில் பிறந்தவர் என்றால், பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கங்காணியோடு வந்தோம், முதலில் எந்த லைனில் குடியேறினோம்.