பொன் குன்றிய காலம்: கோலார் தங்கவயற் தொழிலாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கனிப்பொருளை நம்பி எழுந்த நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் எழுச்சியை விரிவாகவும் வீழ்ச்சியை ஓரிரு வரிகளிலும் கூறிச் செல்வது வழக்கம். தாது தீர்ந்தது, சுரங்கம் மூடப்பட்டது என்பதோடு கதை முடிந்துவிடும். இயற்கையே தீர்ப்பு வழங்கியது போலவும் மனிதர் எவரும் அதற்குப் பொறுப்பல்லர் போலவும் இக்கூற்று ஒலிக்கின்றது. கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட போதும் இதுவே கூறப்பட்டது. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதும், சுரங்கம் மெல்ல மெல்லத் தளர்ந்த காலத்தில் அதனை நம்பி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு நேர்ந்தது யாது என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலார்ப் பகுதியில் பொன் அகழும் உரிமையை 1875இல் லவெல் என்னும் ஐரிய நாட்டுப் படைவீரர் மைசூர் அரசிடமிருந்து பெற்றார். அவரிடம் முயற்சி இருந்தது, மூலதனம் இருக்கவில்லை. 1880ஆம் ஆண்டளவில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் ரெயிலர் அன்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு காலூன்றியது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் சாம்பியன் நாளம் எனப்பட்ட வளமான குவாட்ஸ் படிவு கண்டறியப்பட்டதும் பங்குச் சந்தையின் முழுக் கவனமும் இப்பக்கம் திரும்பிற்று. மைசூர், சாம்பியன் றீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தூரத்துக்குக் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்கம்பியின் வழியே வந்த மின்னாற்றல் பெங்களூர்த் தெருக்களுக்குக் கிட்டியது 1905இலேதான். தலைநகரத்துக்கு முன்னர் சுரங்கம் ஒளிபெற்றது என்பதிலிருந்தே மைசூர் அரசின் வருவாயில் இத்தங்கம் பெற்றிருந்த இடத்தை உய்த்துணரலாம்.

சுரங்கத்துள் இறங்கியோர் யாவர்? பெரும்பாலோர் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுட் பெரும்பகுதியினர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் அவர்களை ஊரிலிருந்து வெளியேற்றின. ஈழத்தின் மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய தமிழ்நாட்டு வறள்நிலங்களின் அதே சமூக அடுக்கிலிருந்தே கோலாரும் தன் ஆட்களைத் திரட்டியது. தோட்டத்துக் கங்காணிக்கு ஒப்பாக இங்கு ஒப்பந்தகாரன் இருந்தான். ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். கோலாரிலிருந்து சொந்த ஊர் ஓரிரு நாட் பயணத்தொலைவிலேயே இருந்தது. ஊரைத் துறக்காமலே ஊரின் பிடியிலிருந்து விலகி நிற்க இயன்றது. மூங்கிற் தட்டிகளால் அமைந்த குடிசைகளில் வாழ்ந்தாலும், பண்ணையார் முன் கைகட்டி நிற்கவேண்டாத கூலி அது.

இவ்விலகல் ஏற்படுத்திய சிந்தனை விளைவுகள் தனியே ஆராயத்தக்கவை. 1898இல் கொழும்புக்கு வந்து ஹிக்கடுவை சுமங்கல தேரரிடம் பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926இல் கோலார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் றீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த, பகுத்தறிவு நூல்களை அச்சிட்டு வழங்கியது. தமிழ்நாட்டுச் சிந்தனை வரலாற்றில் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் அளிக்கப்படும் இடம் இச்சுரங்க நகருக்கு அளிக்கப்படாமை வருந்தத்தக்கது.

வேலையின் தன்மையை ஒருவாறு கூறலாம். சாம்பியன் றீஃப் இறுதியில் 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தினாலன்றி மனிதர் அங்கு நிற்றல் இயலாது. பாறையின் அழுத்தம் திடீரென வெடிப்பாக மாறிச் சுரங்கவழிகளை மூடிவிடுவதுண்டு. குவாட்ஸ் தூசி நுரையீரலிற் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு 1940இலேயே மைசூர் அரசு விதிகளை வகுத்தது. அகழ்வு தொடங்கி அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தொழிலாளியின் இருமல் சட்டத்தின் செவியில் விழுந்தது.

தொழிலாளர் வாய்மூடி இருந்தனர் என்று எவரும் கொள்ளற்க. 1930 ஏப்ரலில், கைரேகை வைத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துச் சுரங்கங்கள் அனைத்திலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சங்கம் என ஒன்று முறையாக அமையாத காலத்தில் இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. 1940களில் பொதுவுடைமையாளரின் தலைமையில் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. 1946 நவம்பரில் பொலிசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் மாண்டனர்.

இனி, தளர்ச்சியைப் பற்றிப் பார்ப்போம். ஏனைய கனிப்பொருள் நகரங்களுக்கும் தங்க நகரத்துக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. செப்பு, இரும்பு, நிலக்கரி ஆகியவற்றின் விலை உலகப் பொருளாதாரம் மந்தமுறும்போது வீழும். தங்கத்தின் விலையோ பெரும்பாலும் அப்போதுதான் உயரும். 1931இல் பிரித்தானியா தங்க நியமத்தைக் கைவிட்டதும், அவுன்சுக்கு 85 சிலிங் அளவில் நின்ற இலண்டன் விலை 1934இல் 137 சிலிங் வரை ஏறிற்று. வளமான தாது 1900களின் முதற் பத்தாண்டிலேயே உச்சத்தைக் கடந்துவிட்ட போதிலும், உலகெங்கும் ஆலைகள் மூடப்பட்ட அந்த 1930களில் கோலார் மறுவாழ்வு பெற்றது. ஆகவே கோலாரின் தளர்ச்சிக்கு வாணிப மந்தத்தைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. விலையை யார் எவ்வாறு நிர்ணயித்தனர் என்பதையே கேட்டல் வேண்டும்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் நிதியமைச்சின் கீழ் வந்தன. இம்மாற்றத்தைத் தொழிலாளர் வரவேற்றனர். ஆனால் அகழ்ந்த தங்கம் சந்தைக்குச் செல்லாமல், அவுன்சுக்கு 35 டொலர் என்னும் பன்னாட்டு அதிகாரபூர்வ விலையை ஒட்டி அரசின் கையிருப்புக்குச் சென்றது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னர் இவ்விலை 10 கிராமுக்கு 84 ரூபாய் 39 காசு. 1970ஆம் ஆண்டளவில் உள்நாட்டுச் சந்தையில் அதே தங்கம் இதன் இரு மடங்குக்கு மேல் விற்றது. வேறுவிதமாகக் கூறின், கோலார்த் தொழிலாளி அகழ்ந்த பொன்னின் பெறுமதியிற் பாதி கணக்கேட்டில் ஏறவேயில்லை. மறுபுறம் செலவு முழுவதும் ஏறியது. இவ்வாறு உருவான நட்டத்தையே பின்னர் “இலாபமற்ற சுரங்கம்” என்றனர். பகைவன் ஒருவன் கணக்கெழுதியிருந்தாலும் இதனினும் கேடாக எழுதியிரான்.

இதனாற் தாது வளம் குன்றவில்லை என்று வாதிடுதல் எமது கருத்தன்று. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறை ஓர் அவுன்சுக்கும் மேற்பட்ட பொன்னைத் தந்தது. இறுதியில் மூன்று, நான்கு கிராம் கிடைப்பதே அரிதாயிற்று. மூன்று கிலோமீற்றர் ஆழத்திலிருந்து அத்தகைய பாறையை மேலே கொணர்வது எந்த உடைமை முறையிலும் சுமையே. ஆயினும், பெறுமதி முறையாகக் கணக்கிடப்பட்டிருந்தால் அந்த உபரியைக் கொண்டு புதிய படிவுகளைத் தேடவும், நகரில் மாற்றுத் தொழில்களை நிறுவவும் கால் நூற்றாண்டு அவகாசம் இருந்தது. 1964இல் அங்கு தொடங்கப்பட்ட மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையைத் தவிரக் குறிப்பிடத்தக்க வேறெதுவும் எழவில்லை.

1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பனி உருவானது. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் தங்கம் 850 டொலரை எட்டியது. பின்னர் இருபது ஆண்டுகள் இறங்குமுகம். 1990களின் தாராளமயக் கொள்கை நலிவுற்ற பொதுத்துறை நிறுவனங்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் சபையிடம் கோலாரையும் கொண்டு சேர்த்தது. 2001 பெப்ரவரி 28ஆந் திகதியுடன் அகழ்வு முடிவுற்றது. அப்போது உலக விலை ஏறத்தாழ 265 டொலர், அதாவது இரு பத்தாண்டுகளின் அடிமட்டத்தை ஒட்டிய விலை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அது 1,000 டொலரைத் தாண்டிற்று.

ஒரு காலத்தில் பல்லாயிரவரைக் கொண்டிருந்த சுரங்கம் மூடப்பட்ட நாளில் மூவாயிரத்துச் சொச்சம் பேரே ஊழியராக இருந்தனர். அதாவது, உண்மையான மூடல் அந்த ஒரு நாளில் நிகழவில்லை. ஓய்வுபெற்றவனின் இடம் நிரப்பப்படாமலும், தந்தையின் வேலை மகனுக்குக் கிட்டாமலும், அது முப்பது ஆண்டுகளாக வீடுவீடாக நிகழ்ந்தது. இதனை எந்த அரச ஆணையும் பதிவு செய்யவில்லை. வேலை போனதும் வீட்டின் நிலையும் கேள்விக்குரியதாயிற்று, வீடு கம்பனியுடையது. மருத்துவமனை, குடிநீர், மின்சாரம் யாவும் கம்பனியின் கைகளிலேயே இருந்தன. நகராட்சி செய்யவேண்டியவற்றைக் கம்பனி செய்துவந்த ஊரில், கம்பனி மறைந்ததும் குடிமகன் என்னும் நிலையில் நின்று கேட்பதற்கு உரிய வாயில் எதுவென்பதே தெளிவாக இருக்கவில்லை. தேயிலைத் தோட்ட லயன் வீடுகளின் உரிமைப் பிரச்சினையை அறிந்த எமது வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. போதாக்குறைக்கு, 1956இன் மொழிவழி மாநில எல்லையமைப்பு இம்மக்களைக் கன்னட மாநிலத்தில் ஒரு தமிழ்ச் சிறுபான்மையாக நிறுத்தியிருந்தது. பெங்களூரின் புதிய தொழில்கள் கேட்ட கல்வியோ அவர்களில் மிகச் சிலரிடமே இருந்தது.

இன்று விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் புகைவண்டிகள் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கின்றன. கட்டட வேலை, காவல் வேலை, கடைச் சிப்பந்தி வேலை, துப்புரவு வேலை, சிலருக்கு அலுவலகம். போகவரப் பல மணி நேரம் கழிகின்றது. ஊரிலோ அரைத்துச் சயனைட்டில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்த பின் கொட்டிய கழிவுமண் சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கின்றது. கோடைக் காற்று அம்மண்ணை வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றது. ஒரு டன்னில் ஒரு கிராமிலும் குறைந்த பொன்னே எஞ்சியுள்ள இக்கழிவு மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்குமென மதிப்பிடப்பட்டுள்ளது. 2024இல் கருநாடக அமைச்சரவை, இக்குன்றுகளுள் பதின்மூன்றில் எஞ்சிய பொன்னை எடுப்பதற்கான மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. இம்முறை பொன்னுக்கு அன்றைய சந்தை விலையே கிடைக்கும். அதில் எப்பங்கு குன்றுகளின் அடியிற் குடியிருப்போரைச் சேரும் என்பதே தங்கவயலில் இப்போது எழுந்துள்ள வினா.