சார்ஜ்பீ

மென்பொருள் நிறுவனங்களின் சந்தாக் கணக்கைக் கவனிக்கும் இணையச் சேவை. 2011இல் சென்னையில் கிரிஷ் சுப்பிரமணியன், ராஜாராமன் சந்தானம், கே.பி. சரவணன், தியாகராஜன் ஆகிய நால்வர் தொடங்கியது. அட்டையில் பணம் பிடிப்பது ஸ்டிரைப், பேபால் போன்றவற்றின் வேலை. யாரிடம், எப்போது, எவ்வளவு பிடிப்பது என்று சொல்வதே இதன் வேலை.

கேட்க எளிது, கையால் செய்து பார்த்தால் தலை சுற்றும். மலேசியாவின் சுங்காயில் ஒரு கடைக்காரர் மாதம் 30 வெள்ளிக்குக் கணக்கு மென்பொருள் எடுத்து, சரியாகப் பாதி மாதத்தில் 60 வெள்ளித் திட்டத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய திட்டத்தின் அரை மாதத்துக்கு 30 வெள்ளி. பழையதில் மிஞ்சிய 15ஐக் கழித்து, 15 வெள்ளி மட்டும் வாங்க வேண்டும். அட்டை காலாவதியாகியிருந்தால் சில நாள் விட்டு மறுபடி முயல வேண்டும், மின்னஞ்சலில் நினைவூட்டவும் வேண்டும்.

வரியோ நாட்டுக்கு நாடு வேறு. மலேசியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் வெளிநாட்டு மின்னியல் சேவையாளர்கள் 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வசூலிக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச் 1இல் அது 8 விழுக்காடானது.

2022 பிப்ரவரியில் 25 கோடி டாலர் முதலீடு பெற்றபோது சார்ஜ்பீயின் மதிப்பு 350 கோடி டாலர்.