எட்டு நாடுகள், ஒரே கூடை

1994 ஜனவரியில் ஒரே இரவில் 13 ஆப்பிரிக்க நாடுகளின் பணம் பாதியானது. அதுவரை ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 சிஎஃப்ஏ ஃபிராங்க், விடிந்தபோது 100. அரிசி விலை எவ்வளவு ஏறியது, எந்த ஊரில் அதிகம் ஏறியது என்று கேட்டால் ஒவ்வொரு அரசிடமும் ஓர் எண் இருந்தது. ஆனால் டக்காரின் எண்ணையும் நியாமேயின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. பொருட்கள் வேறு, அடிப்படை ஆண்டு வேறு, கணக்குப் போடும் விதமும் வேறு. பணம் மட்டும் ஒன்று!

ஆப்பிரிக்கப் புள்ளியியல் என்றாலே ஏழ்மைக் கதைதான் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்.

இதற்கு நாலு மாதம் முன்புதான், 1993 செப்டம்பரில், அபிஜானில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பிறந்த அமைப்பின் பெயர் அஃப்ரிஸ்டாட். உறுப்பு நாடுகளும் பிரான்சும் சேர்ந்து நிதி போட்டன (பழைய எஜமானன் இல்லாமல் அங்கே எதுவும் நடப்பதில்லை). 1996-ல் மாலியின் தலைநகர் பமாகோவில் வேலை தொடங்கியது. அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கத் தலைநகரங்களில் குடும்பங்களின் செலவைக் கணக்கெடுத்தார்கள். 1998 முதல் ஒரே முறையில் விலைக் குறியீடு வெளிவந்தது. கினி பிசாவ் பின்னால் வந்து சேர்ந்ததும் எட்டு நாடுகள்.

சொல்ல எளிது. நம்மூர்ச் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்பார்களே, அங்கேயும் அப்படித்தான். குவியல், கிண்ணம், கட்டு. விலைவாசி ஏறும்போது கூறின் விலை அப்படியே இருக்கும், கூறுதான் சிறுத்துப்போகும். விலையை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் ஒன்றுமே ஏறாத மாதிரி இருக்கும். அதனால் கணக்கெடுப்பவர் காசு கொடுத்து வாங்கி, தராசில் போட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று எழுத வேண்டும். மாதாமாதம், சந்தை சந்தையாக. ஒரு நாட்டின் பணவீக்கம் என்று நாம் செய்தியில் பார்க்கும் எண் அந்தத் தராசில்தான் பிறக்கிறது.

இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் நல்லெண்ணம் இல்லை, பயம் என்றே நினைக்கிறேன். பணமும் மத்திய வங்கியும் பொது. ஒருவர் பொய் சொன்னால் மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டிவரும். 1999-ல் பணவீக்கம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தங்களுக்குள் விதித்துக்கொண்டார்கள். பொது அளவுகோல் இல்லாமல் அந்த விதியை யார்மேல் காட்டுவது?

அண்டை வீட்டுக்காரர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் கதை வேறு. நைஜீரியாவில் 1962 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ரத்தானது, 1973-ல் எடுத்ததும் ரத்தானது. தலைக்கணக்கில்தான் தொகுதிகளும் வருவாய்ப் பங்கும் அடங்கியிருந்தன. அங்கே எந்த நிபுணரை அனுப்பி என்ன ஆகும்? அதே நாடு 2014-ல் ஜிடிபியின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. செல்ஃபோனும் நாலிவுட்டும் கணக்கில் ஏறின. பொருளாதாரம் 89 சதவீதம் பெருத்து, தென்னாப்பிரிக்காவை முந்திவிட்டது. லாகோஸ் என்னவோ முதல்நாள் இருந்த அதே லாகோஸ்தான்.

2009-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் அடிஸ் அபாபாவில் ஒரு புள்ளியியல் சாசனத்தை ஏற்றது. அரசியல் தலையீடு கூடாது என்கிறது அது. அமலுக்கு வரவே 2015 ஆனது. சாசனத்தைவிட எனக்கு டேப்லட்டுகள்மேல்தான் நம்பிக்கை. கென்யா 2019 கணக்கெடுப்பை டேப்லட்டில் நடத்தியது. அந்தக் கருவிகளைக் கடன் வாங்கி 2021-ல் கானா எண்ணியது. பிறகு கானா தன் கருவிகளை 2022 கணக்கெடுப்புக்காக லைபீரியாவுக்குக் கொடுத்தது. இட்லிப் பாத்திரம் வீடு மாறுவதைப்போல.

2025 ஜனவரியில் மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான எகோவாஸை விட்டு வெளியேறின. ராணுவ ஆட்சிகள், பிரான்ஸ்மீது கடுங்கோபம். ஆனாலும் சிஎஃப்ஏ ஃபிராங்கை அப்போது விடவில்லை, அதனால் பொதுக் குறியீட்டையும் விடவில்லை. நியாமேயில் தக்காளிக் கூறைத் தராசில் வைக்கும் வேலை தொடர்ந்தது.