தேவாங்கின் கண்

மெலிந்த பிள்ளையைத் 'தேவாங்கு' என்று ஏசுவது நம்மவர் வழக்கு. இது நேற்றுத் தோன்றியதன்று. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற், தமிழ்ப் பகுதிகளில் இச்சொல் இவ்வாறு வழங்குவதை 1861இல் வெளிவந்த தமது விலங்கியல் நூலிலே குறித்துள்ளார். அதே இடத்தில் கொடிய செய்தி ஒன்றும் உண்டு: வசிய மருந்துக்காக, விழி வெடிக்கும்வரை இப்பிராணியை நெருப்பருகே பிடிப்பார்களாம். சிங்கள மக்களைப் பற்றி அவர் எழுதியது அது. ஆயினும் மூடநம்பிக்கைக்கு மொழிவேலி ஏது?

அந்தக் கண்கள் ஏன் முகத்தின் முன்னே வந்தன? இங்கிலாந்திற் பணியாற்றிய எலியற் சிமித்தும் வூட் யோன்சும் 1910களில் ஒரு விடை கூறினர்: மரவாழ்க்கையே காரணம். அவ்விடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு செல்வாக்குடன் நின்றது. 1970களின் தொடக்கத்தில் மற் காட்மில் என்னும் அமெரிக்கர், பல விலங்குகளின் கண்குழிகளை ஒப்பிட்டு, எளிய வினாவொன்றால் அதனை அசைத்தார். அப்படியானால் அணிலுக்கு ஏன் கண்கள் பக்கவாட்டில் உள்ளன?

நெடுங்கேணியில் இவ்வினாவை ஆராய நூலகம் வேண்டியதில்லை. பாலை மரத்தில் ஓடித்திரியும் அணிலின் கண்குழிகள் இருபுறம் நோக்குகின்றன. பெரும்பாலும் நிலத்தில் வேட்டையாடும் சிறுத்தையின் கண்குழிகளோ முன்னோக்குகின்றன. இரு கண்களின் காட்சியும் ஒன்றன்மேலொன்று படியும்போதே இரையின் தூரம் துல்லியமாகத் தெரியும். பதுங்கிப் பாய்வதற்கு அது வேண்டும். கீரியும் ஊனுண்ணிதான். ஆனால் அது பகலில் நிலத்தை முகர்ந்து கிளறி இரை தேடுவது. தானே பிறிதொன்றுக்கு இரையாகவும் கூடியது. அதன் கண்குழிகள் பூனையினத்தினும் பக்கம் சாய்ந்தவை. ஊனுண்ணிகளுக்குள்ளேயே பிழைப்பு மாறக் கண்குழியும் மாறுவதைக் காண்கிறோம்.

தேவாங்கு இருளில் மெல்ல ஊர்ந்து, பூச்சியைக் கையால் வெடுக்கெனப் பற்றும். அதன் இரு கண்குழிகளுக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடே உண்டு. வேட்டையே கண்ணை முன்கொணர்ந்தது என்றார் காட்மில். கனியும் பூவும் தேடியதே காரணமென 1991இல் சஸ்மன் மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. எமக்குக் காட்மிலின் பக்கமே வலுவுடையதாய்த் தோன்றுகிறது.

சென்ற மாரியில் மாணவனொருவன் சாக்குப்பையில் ஒரு தேவாங்கைக் கொண்டுவந்தான். அதன் கண்ணுக்கு யாரோ விலை பேசினராம். அவனை நாம் ஏசவில்லை. வீட்டில் உலை கொதிக்காத நாள்களை அறிவோம். அணிலையும் இதையும் ஒப்பிட்டு வகுப்பிலே பேசினோம். அந்தியில் அவனே காட்டோரம் சென்று பையை அவிழ்த்தான். வீரைக் கொப்பில் ஏறிய அது, ஒருமுறை திரும்பி, இரு கண்ணாலும் எம்மை நோக்கிற்று.