பாட்டனாரின் வேதமும் பேரனின் வேதமும்

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே செல்லும் பாதை ஆனைகட்டியைக் கடந்ததும் பாலக்காட்டு அட்டப்பாடிக்குள் புகுகிறது. 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் இது மாநில எல்லையன்று. மலபார் ஜில்லாவும் அந்நாளில் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்ததே. இன்று அங்கே பழைய தமிழ் வேதாகமத்தைத் திறப்பவர் முதல் வாக்கியத்தில் 'தேவன்' என்று வாசிப்பார். மலையாள வேதாகமத்தைத் திறப்பவரோ 'தெய்வம்' என்று வாசிப்பார்.

பம்பாயிலும் தில்லியிலும் வாழும் அன்பர்களுக்கு இந்த வேறுபாடு வீட்டிற்குள்ளேயே உண்டு. பாட்டனார் தமிழில் ஓதுவதைப் பேரன் ஆங்கிலத்தில் வாசிக்கிறான். அவனுக்கு எந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கித் தருவது? இதற்கு விடை காண, தமிழ் வேதாகமத்தின் வரலாறு உதவும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். கத்தோலிக்கர் வழங்கிவந்த 'சர்வேசுரன்' என்ற சொல்லையே அவரும் கையாண்டார். பின்வந்த பப்ரிசியுஸ் ஐயர் 'பராபரன்' என்றார். தாயுமானவரின் பராபரக்கண்ணியை அறிந்த செவிக்கு அது அந்நியமான சொல்லன்று. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. பெர்சிவல் பாதிரியாருக்கு இப்பணியில் துணைநின்றவர், பிற்காலத்தில் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர்! 1850இல் வெளியான அம்மொழிபெயர்ப்புக்குச் சோதனைப் பதிப்பு என்றே பெயர். தமிழ்நாட்டுச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பப்ரிசியுஸின் நடையில் ஊறிய செவிகள் எளிதில் மாறுமோ?

பல சபைகள் கூடி எடுத்த முயற்சியாக, பவர் ஐயரின் தலைமையில் உருவான வேதாகமம் 1871இல் வந்தது. 'பராபரன்' போய்த் 'தேவன்' நிலைத்தது. சைவரும் வைணவரும் தேவர்களைக் கடவுளுக்குக் கீழ்ப்பட்டவராகக் கருதும் நாட்டில் இது பொருத்தமான சொல்லா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது, எனக்கும் உண்டு. லுத்தரன் சபையார் பலர் பப்ரிசியுஸை எளிதில் விடவுமில்லை. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்றது. ஆயினும் பல ஆலயங்களில் இன்றும் ஒலிப்பது பவர் ஐயரின் தமிழே.

இனிப் பேரனின் புத்தகத்துக்கு வருவோம். சொல் மட்டுமன்று, வசனமே வேறுபடும் இடங்களும் உள. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தின் 37ஆம் வசனம் பாட்டனாரின் வேதாகமத்தில் இருக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் இருக்கிறது. 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பிலோ 36க்குப் பின் 38 வருகிறது. விடுபட்ட வசனம் ஓரக்குறிப்பிற்குச் சென்றுவிட்டது. அச்சுப்பிழையன்று அது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அவ்வசனம் காணப்படாமையே காரணம். பவர் ஐயரின் பதிப்பும் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும், பிற்காலப் படிகளைத் தழுவி அச்சான ஒரே மரபின் கிரேக்க மூலத்தைப் பின்பற்றியவை.

ஆதலால் பாட்டனாரும் பேரனும் மாறி மாறி வசனம் வாசிக்கும் வீட்டிற்கு ஜேம்ஸ் மன்னர் பதிப்பே இசையும். அதன் பழைய ஆங்கிலம் சிறுவனுக்குக் கடினமாயின், புதிய பதிப்பொன்றை வாங்கலாம். 37ஆம் வசனம் எங்கே போயிற்று என்பதைப் பாட்டனாருக்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று.