பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது?

என் தாத்தாவுக்கு வெகுகாலமாக ஒரு பழக்கம் இருந்தது. வருஷந்தோறும் மே மாதக் கடைசியில் ஒரு நாள், காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு குடையும் கையுமாகக் கிளம்பிவிடுவார். ஏழு மைலுக்கு அப்பால் இருக்கும் டவுனுக்குப் போய், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் வாசலில் நின்று, கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பார். படித்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார்: "வைகாசி இருபத்திரண்டு, திங்கட்கிழமை. மூன்று நாள்தான் மனு கொடுப்பார்கள். பையனை அழைத்துக்கொண்டு போய்விடு. மறந்துவிடாதே."

அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளை எங்கள் வீட்டில் அப்போது யாரும் இல்லை. "ஊர்க் காரியத்துக்கு இவர் ஏன் வெயிலில் அலைகிறார்?" என்று பாட்டி அலுத்துக்கொள்வாள். தாத்தா பதில் சொல்லமாட்டார். காரணத்தைப் பிற்பாடு என் தகப்பனார்தான் எனக்குச் சொன்னார்.

1940-ஆம் வருஷம். தாத்தாவுக்குப் பதினாலு வயது. பக்கத்து ஊரில் மூன்றாம் பாரம் வரை படித்துத் தேறிவிட்டார். இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு. நாலாம் பாரத்துக்கு டவுன் ஹைஸ்கூலுக்குத்தான் போகவேண்டும். அவருடைய தகப்பனார் கையெழுத்துப் போடத் தெரியாத குடியானவர். பள்ளிக்கூடம் ஆனி பிறந்தால் திறக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆனி முதல் தேதி நல்ல நாளாகவும் இருந்தது. பையனுக்குப் புது வேட்டி கட்டி, பணத்தை மடியில் முடிந்துகொண்டு, விடிவதற்கு முன்பே இருவரும் நடந்தார்கள். போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் ஜூன் முதல் வாரத்திலேயே திறந்தாகிவிட்டது. நாலாம் பாரத்தில் இடம் நிரம்பிவிட்டது. கேட்டில் அறிவிப்பு அப்போதும் ஒட்டியபடி இருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. தேதியும் இங்கிலீஷ் தேதி. அதைப் படித்துச் சொன்னவர் பதினாலு வயதுத் தாத்தாதான்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷம் பணம் இல்லை. தாத்தா நெல் மில்லில் கணக்கு எழுதப் போனார். அதோடு படிப்பு முடிந்தது.

ஒரு மனிதனின் படிப்பு ஒரு தேதியினால் நின்றுபோகுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பள்ளி திறக்கும் செய்தி நம் நாட்டில் எப்படியெல்லாம் பெற்றோரைச் சென்றடைந்தது, அல்லது அடையாமல் போயிற்று என்று தேடிப் பார்க்கத் தொடங்கியது அந்தக் கேள்வியினால்தான்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சங்கடமே கிடையாது. விஜயதசமியன்று பிள்ளையை உபாத்தியாயரிடம் கொண்டுபோய் விடுவார்கள். அது எந்த நாள் என்று ஊருக்கே தெரியும். பஞ்சாங்கமே அறிவிப்புப் பலகை. விடுமுறையும் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி என்று ஆகாயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை வராவிட்டால், உபாத்தியாயர் சட்டாம்பிள்ளையை அனுப்பி வீட்டிலிருந்து இழுத்து வரச் சொல்லுவார். நவராத்திரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடவைத்து, வீட்டுக்காரர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். பிள்ளையின் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்பது அந்த வாசலிலேயே தகப்பனாருக்குத் தெரிந்துபோகும்.

சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-இல் ஜில்லாக் கலெக்டர்களை இந்தப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். கணக்கு வந்து சேரச் சில வருஷங்கள் ஆயின. ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று 1826-இல் எழுதினார். வகுத்துப் பாருங்கள், ஒரு பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள்தான். பதினைந்து வீட்டுக்குச் செய்தி சொல்ல நோட்டீஸ் எதற்கு? ஆனால் ஒன்றையும் மறக்கக்கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோருடைய பிள்ளைகளும் ஏற முடியாது. சேரியில் பிறந்த பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பெண் குழந்தைகள் வந்தது மிக அபூர்வம். செய்தி எளிதாகப் போனதற்கு, அது போகவேண்டிய வீடுகள் குறைவாக இருந்ததும் ஒரு காரணம்.

பிறகு காலம் மாறியது. 1854-இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையையொட்டிச் சென்னையில் கல்வி இலாகா ஏற்பட்டது. 1857-இல் சர்வகலாசாலை வந்தது. அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே ஹைஸ்கூல்களின் வேலையாயிற்று. உபாத்தியாயர் திண்ணையில் இருந்தவரைக்கும் பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. ஹைஸ்கூல் டவுனில் இருந்தது. ஏழு மைல், பத்து மைல் சுற்றளவிலுள்ள கிராமங்களுக்கு அது ஒன்றுதான். அதன் வருஷம் எப்போது பிறக்கிறது என்பது பஞ்சாங்கத்தில் இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் ஜூன் மாதம் என்று நாம் பழகிப்போய்விட்டோம். ஆதியில் அப்படி இல்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சை டிசம்பரில் நடந்தது. கணித மேதை ராமானுஜன் 1903 டிசம்பரில் அந்தப் பரீட்சையில் தேறி, 1904-இன் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். தை மாதம் என்பது தஞ்சாவூர்ச் சீமையில் அறுவடை மாதம். களத்தில் நெல்லும் கையில் நாலு காசும் புரளுகிற நேரம். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்து, வருஷாந்தரப் பரீட்சை கோடைக்கு முன்னால் என்றும் பள்ளி திறப்பு கோடைக்குப் பின்னால் என்றும் ஆயிற்று. வெயிலை நினைத்தால் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் டெல்டாக் குடியானவனுக்கு ஜூன் எப்படிப்பட்ட மாதம்? 1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு, ஜூன் 12 என்றால் குறுவைக்குத் தண்ணீர் விடும் நாள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். சம்பா விற்ற காசு சித்திரைக்குள் கரைந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் ஹைஸ்கூல் சம்பளமும் புஸ்தகச் செலவும் வந்து நிற்கும். ஆகவே பள்ளி என்றைக்குத் திறக்கும் என்ற கேள்வி, எந்தத் தேதிக்குள் பணம் புரட்டவேண்டும் என்ற கேள்வியும்தான். பத்து நாள் முன்னால் தெரிந்தால் யாரிடமாவது கைமாற்று வாங்கலாம். பத்து நாள் பின்னால் தெரிந்தால், அந்தப் பணம் வயலில் இறங்கியிருக்கும்.

இந்தச் செய்தியை வீட்டுக்குச் சொல்லவேண்டியது யார் கடமை? பள்ளிக்கூடம் அதைத் தன் கடமை என்று நினைக்கவில்லை. கேட்டில் ஒட்டியாகிவிட்டது, பத்திரிகையில் போட்டாலும் போட்டிருக்கும், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வந்து தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் அதன் எண்ணம். வக்கீல் வீட்டுக்கும் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா வீட்டுக்கும் அது போதும். 1951 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த தேசத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. கேட்டில் ஒட்டிய காகிதம் யாரை நினைத்து ஒட்டப்பட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் கார்டு வந்தது. காலணாத் தபால் கார்டு இந்தியாவில் 1879-லேயே வந்துவிட்டது என்றாலும், நான் சொல்வது என் தகப்பனார் படித்த அறுபதுகளின் கதை. பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொரு பையனும் ஒரு கார்டு வாங்கி, தன் விலாசத்தைத் தானே எழுதி வாத்தியாரிடம் கொடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் அது தபாலில் திரும்பி வரும். பின்பக்கத்தில் தேர்ச்சியா இல்லையா என்பதும், பள்ளி திறக்கும் தேதியும் இருக்கும். எத்தனை சிக்கனமான ஏற்பாடு! செய்தி முதன்முதலாக வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் வாசலில் அதை வாங்கியது யார்? கார்டு வரும் நாளில் பையன்கள் தபால்காரரை ஊர் எல்லையிலேயே மறித்துக்கொள்வார்களாம். நல்ல செய்தியாக இருந்தால் கார்டு வீட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் வாய்க்காலில் போகும். அப்படியே வீட்டுக்குப் போனாலும் அதைப் படித்துச் சொல்லவேண்டியவன் அதே பையன்தான். தகப்பனார் எதைக் கேட்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இருந்தது.

அதே காலத்தில் வேறொரு மாறுதலும் நடந்துகொண்டிருந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான வருஷங்களில் பள்ளிகள் பெருகின; மத்தியான உணவு வந்தது; சம்பளம் படிப்படியாகக் குறைந்து இலவசக் கல்வியை நோக்கிப் போயிற்று. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1958-இலிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தவைத்தார். பள்ளிக்கூடம் ஊராரைக் கூப்பிட்டு, 'இது உங்கள் பள்ளிக்கூடம், இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று கேட்டது. அதற்கப்புறம் வாத்தியார்கள் கோடை விடுமுறையில் வீதி வீதியாகப் போய், பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பெயர் எழுதிக்கொள்வது சாதாரணக் காரியமாயிற்று. மேளம் கொட்டி, பிள்ளைகளை ஊர்வலமாக அழைத்துப் போகிற பள்ளிகளை இன்றும் ஜூன் மாதத்தில் பார்க்கலாம். நவராத்திரியில் வீடு வீடாக வந்த பழைய உபாத்தியாயர் ஞாபகம் வருகிறதல்லவா? இந்தத் தடவை அவர் தட்சணைக்காக வரவில்லை. எல்லாத் தெருவுக்கும் போகிறார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. எப்போது திறப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நவம்பரில் தமிழ்நாட்டு அரசு ஒரு காரியம் செய்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து, 'திறக்கலாமா?' என்று அபிப்பிராயம் கேட்டது. திறப்பு தள்ளிப்போடப்பட்டது. 2021 ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். அதன் பிறகே ஜனவரி 19-ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. பெற்றோர் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று தேதியைத் தெரிந்துகொண்டு திரும்பிய ஜனங்களை, உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேதியைப்பற்றி யோசனை கேட்டதாக எனக்கு வேறு நினைவு இல்லை. ஒரு கொள்ளைநோய் வந்துதான் அதைச் செய்யவைத்தது.

இப்போது செய்தி பறக்கிறது. 2023-இல் வெயில் தணியவில்லை என்று ஜூன் 1-ஆம் தேதி திறக்கவேண்டிய உயர் வகுப்புகள் முதலில் 7-க்கும் பிறகு 12-க்கும் தள்ளிப்போயின. ஒவ்வொரு தடவையும் அன்று மாலைக்குள் குக்கிராமங்களுக்கும் தெரிந்துவிட்டது. பள்ளியின் வாட்ஸாப்புக் குழுவில் தலைமையாசிரியர் போட்டுவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியானால் கதை சுபமாக முடிந்ததா?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் போன ஜூனில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "ஐயா, பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது? அவனைக் கேட்டால் இன்னும் சொல்லவில்லை என்கிறான்." செல்போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். "அவனிடம்தான்" என்றாள். திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

கேட்டில் ஒட்டிய காகிதமும் தபால் கார்டும் செல்போன் செய்தியும் ஒரே இடத்தில் வந்துதான் தடுக்கி விழுகின்றன. படிக்கத் தெரிந்தவன் பிள்ளை. தெரிந்துகொள்ள வேண்டியவள் தாய். நடுவில் ஒரு பெரிய மனிதர் வேண்டியிருக்கிறது.

தாத்தாவின் துண்டுக் காகிதம் ஒன்று என் தகப்பனாரின் பெட்டியில் கிடைத்தது. அதில் இங்கிலீஷ் தேதியை எழுதி, அதன் கீழே தமிழ்த் தேதியையும் கிழமையையும் எழுதியிருந்தார். அதற்கும் கீழே எட்டுப் பெயர்கள். எல்லாம் அந்த வருஷம் எட்டாம் வகுப்பு முடித்த ஊர்ப்பிள்ளைகளின் பெயர்கள். ஏழு பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டிருக்கிறது; தகப்பனாரிடம் சொல்லியாயிற்று என்று அர்த்தமாம். எட்டாவது பெயருக்கு எதிரே, 'தாயார் மட்டும். மறுபடி போகவேண்டும்' என்று எழுதியிருக்கிறது. அதன் பக்கத்திலும் ஒரு கோடு இருக்கிறது. மை மட்டும் வேறு நிறம்.